இடுப்புயரத்தில் ஒரு புல்லட்

புல்லட்டின் டேப்பெட் மூடி வலதுபுறம், சிலிண்டரின் அடியில், தரையிலிருந்து ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதைக் கழற்றினால் இரண்டு புஷ் ராடுகளின் கீழ்முனைகள் தெரியும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சிக்கு வந்து நிற்க வேண்டும். அந்த நிலையில் புஷ் ராடை இரண்டு விரலால் பிடித்து உருட்டினால் தடையில்லாமல் உருள வேண்டும். மேலும் கீழும் அசைத்தால் அசையக் கூடாது. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைச் சொல்லும் கருவி விரல்தான். ஒரு ஸ்பேனரால் கீழே பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் லாக் நட்டைத் தளர்த்தி, மூன்றாவதால் நூலளவு திருப்பி, இறுக்கி, மறுபடி உருட்டிப் பார்க்க வேண்டும். இறுக்கும்போது அளவு கொஞ்சம் மாறிவிடும். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இவ்வளவு நுணுக்கமான வேலையைத் தரையில் குந்தி, கழுத்தைத் தோள்பக்கம் சாய்த்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு செய்தவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களுடைய கைத்திறமையைப் பற்றி ஊரே பேசும். அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வடசென்னைக்காரர்களுக்குப் புல்லட் வெளியூர் வண்டி இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில்தான் அதைச் செய்தது. எங்கள் பக்கத்தில் நாலு தெரு சுற்றினால் அந்த ஆலையில் வேலை பார்த்த ஒருவரையாவது பார்த்துவிடலாம். அப்படி ஒருவர்தான் என் இளவயதில் எனக்கு அந்த விஷயத்தைச் சொன்னார்: ஆலையில் வண்டி தரையில் பிறப்பதில்லை. ஆள் நின்றபடி கை வைக்கும் உயரத்தில்தான் அது நகர்ந்து நகர்ந்து முழு வண்டியாகிறது. எந்த மோட்டார் சைக்கிள் ஆலையிலும் அப்படித்தான். கேட்டைத் தாண்டி வெளியே வந்த நாளிலிருந்து வண்டி கீழே இறங்கிவிடுகிறது. அதன்பிறகு அதற்கு வேலை செய்கிறவர்தான் ஆயுள் முழுக்கக் குனிய வேண்டும்.

எங்கள் புல்லட்டைப் பார்த்த மேஸ்திரியின் கடை பெரம்பூரில் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. ஒரு ஷட்டர், அதன் முன்னால் சிமெண்டு பூசிய கொஞ்சம் இடம், அவ்வளவுதான் கடை. ஷட்டருக்குள் ஸ்பேர்ஸும் கழற்றிப் போட்ட பாகங்களும் இருக்கும். வேலை எல்லாம் வெளியேதான். உட்கார ஒரு மணைப்பலகை. அதன் உயரம் நாலு விரல்கூட இருக்காது. காலையில் அதில் குந்தினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். எழும்போது பெட்ரோல் டாங்கைப் பிடித்துக்கொண்டு எழுவார். சின்ன வயதில் அது அவருடைய பாணி என்று நினைத்தேன். முழங்கால் மடங்கி மடங்கித் தேய்ந்து, கை ஊன்றாமல் எழ முடியாத நிலை வந்துவிட்டது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் அவருக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

அப்பா பெரம்பூர் கேரேஜ் வொர்க்ஸில் ஃபிட்டராக இருந்தார். ரயில் பெட்டிகள் குறித்த காலத்துக்கு ஒருமுறை முழுப் பராமரிப்புக்கு அங்கே வரும். பெட்டியைக் கிரேனால் தூக்கி, அடியிலிருக்கும் போகிகளைத் தனியே உருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். முப்பது நாற்பது டன் எடையுள்ள பெட்டி அந்தரத்தில் போவதை ஒரு ஆயுதபூஜை அன்று, குடும்பத்தாரை உள்ளே விடும் நாளில், நானும் பார்த்திருக்கிறேன். தூக்கிய பெட்டியை இரும்புத் தாங்கிகள்மேல் உட்கார வைத்த பிறகுதான் அடியில் ஆள் போவார்கள். கொக்கியில் தொங்கும் பெட்டிக்குக் கீழே ஒரு கை போனாலும் சூப்பர்வைசர் கத்துவார் என்பார் அப்பா.

அப்படிப்பட்ட இடத்தில் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் செகண்ட்ஹேண்ட் புல்லட்டின் பக்கத்தில் அவரும் குந்தி உட்காருவார். செயினுக்கு எண்ணெய் விடுவார். பின்சக்கர ஆக்சிலில் இருக்கும் நத்தை வடிவத் தகடுகளை இரண்டு பக்கமும் ஒரே அளவில் திருப்பிச் செயின் தொய்வைச் சரிசெய்வார். நடுவில் ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, “நாப்பது டன்ன தூக்கி வச்சு வேல பாக்குறோம். இத தூக்க ஒண்ணும் இல்ல பாரு” என்பார். 170 கிலோவுக்குக் கிட்ட இருக்கும் அந்த வண்டி. அவர் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஃபிட்டருக்கு அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது.

அதற்குப் பதில் கிடைக்க 2021 வரை ஆனது. கொரோனா சமயத்தில் மூடிய ஒரு சர்வீஸ் சென்டரின் சாமான்களை ஒருவர் மொத்தமாக எடுத்து, தன் கிடங்கில் பிரித்துப் போட்டிருந்தார். கம்ப்ரஸர், டயர் கழற்றும் மெஷின், டூல் டிராலி இவற்றுக்கு நடுவில் கத்தரிக்கால் லிஃப்ட் ஒன்று படுத்திருந்தது. ஏழடி நீளம், இரண்டடிக்குச் சற்று அதிக அகலம், மேலே செக்கர் பிளேட். முன்னால் சக்கரத்தைக் கவ்வும் கிளாம்ப், பின்னால் வண்டி ஏறக் கழற்றி மாட்டும் சரிவுத் தகடு. காலால் மிதிக்கும் ஹைட்ராலிக் பம்பு. மின்சாரம் வேண்டாம், கம்ப்ரஸர் வேண்டாம். தகட்டில் 500 கிலோ என்று பொறித்திருந்தது. ஏற்றினால் நிற்கவில்லை, மெல்ல இறங்கியது. சீல் போய்விட்டது என்று விற்றவரே சொல்லித்தான் கொடுத்தார்.

ஜார்ஜ் டவுனில் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைகள் இருக்கின்றன. பழைய சீலைக் கையில் கொண்டுபோய்க் காட்டினால் வெர்னியரில் அளந்து, அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார்கள். சிலிண்டரை அப்பாதான் பிரித்தார். எண்பதை ஒட்டிய வயது. நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் செய்தித்தாள் விரித்து, ராடில் கீறல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். கீறல் இருந்தால் புது சீலும் கிழிந்துவிடும். இல்லை என்று உறுதியான பிறகே மாட்டவிட்டார். புது எண்ணெய் ஊற்றி, ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றினோம். ஒரு இரவு முழுக்க மேலே நிற்க வைத்து மறுநாள் காலை டேப்பால் அளந்தார். இறங்கவில்லை.

பம்பின் வேலை ரொம்ப எளிமையானது. மிதிக்கும்போது சின்ன பிஸ்டன் கொஞ்சம் எண்ணெயைத் தள்ளும். அந்த எண்ணெய் ஒருவழி வால்வைத் தாண்டிப் பெரிய சிலிண்டருக்குள் போகும். அழுத்தம் இரண்டிலும் ஒன்றுதான், பரப்பு மட்டும் பெரிது, அதனால் விசை பெருகும். பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டில் சொன்ன விதி. பள்ளிக்கூடத்தில் படித்ததைக் காலடியில் உணர்வது தனி அனுபவம். முதல் சில மிதிகள் மிகவும் கனமாக இருக்கும். மேலே போகப் போக இலேசாகும். கத்தரிக்கால்கள் படுத்திருக்கும்போது சிலிண்டரின் தள்ளலில் பெரும்பங்கு பக்கவாட்டில் போய்விடும், மேலே தூக்குவது சிறுபங்குதான். கால்கள் நிமிர நிமிர அந்தப் பங்கு கூடிக்கொண்டே வரும். ஆகவே லிஃப்டுக்கு அதிகப் பாரம் வண்டி தரையை விட்டுக் கிளம்பும் அந்த நேரத்தில்தான். உச்சியில் நிற்கும்போது பாரம் பெரிய விஷயமில்லை. அங்கே அஞ்ச வேண்டியது வேறு.

அதாவது, எண்ணெயை நம்பி நிற்கக் கூடாது. ஒரு சீல் கிழிந்தாலும், யாராவது தெரியாமல் இறக்கும் பெடலை மிதித்தாலும் மொத்தமும் இறங்கும். அதற்காகத்தான் லிஃப்டின் காலுக்குக் குறுக்கே மாட்ட ஒரு லாக் ராடு தருகிறார்கள். வேண்டிய உயரத்துக்குச் சற்று மேலே ஏற்றி, ராடைத் துளையில் செருகி, பிறகு லேசாக இறக்கி, பாரம் முழுவதும் அந்த இரும்பின்மேல் உட்கார்ந்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். நகரத்தில் ஒரு கடையில் இந்த ராடை மாட்டாமல் வேலை செய்து, மேடை ஒரு பக்கமாக இறங்கி, வண்டி சாய்ந்து ஒரு பையனின் மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பையனை எனக்குத் தெரியும். ராடு அந்தக் கடையிலும் இருந்தது. சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது.

அப்பாவுக்கு அந்த ராடும் போதவில்லை. பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டையில் அறுத்த இரண்டு துண்டுகளை எங்கிருந்தோ வரவழைத்தார். ராடு மாட்டிய பிறகு, மேடையின் அடியில் இரண்டு பக்கமும் அவற்றை நிறுத்தி வைக்கச் சொன்னார். “இரும்பு இருக்குல்ல, இது எதுக்கு தாத்தா?” என்று என் மகள் கேட்டபோது, “அது கம்பெனிக்காரன் சொன்னது, இது நான் சொல்றது” என்றார். இன்றுவரை கட்டை வைக்காமல் எங்கள் வீட்டில் வேலை தொடங்கியதில்லை.

வண்டியை ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தனியாக ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், முடியும் என்பதும் தெரியும். ஆனால் வண்டியோடு சரிவில் ஏறும்போது நம் கால் நிற்க இடம் குறுகலாகிவிடும். கனமான வண்டி ஒருமுறை எதிர்ப்பக்கம் சாய ஆரம்பித்தால் பிடித்து நிறுத்த ஒரு ஆளால் ஆகாது. ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, இன்னொருவர் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முன்சக்கரம் கிளாம்புக்குள் போய் உட்கார்ந்ததும் இறுக்க வேண்டும். பிறகு ஹேண்டில்பாரின் இரண்டு பக்கத்திலிருந்தும் பட்டைகளைக் கீழே இழுத்து மேடையின் வளையங்களில் கட்டி, முன்ஃபோர்க் கொஞ்சம் அமுங்கும்வரை இறுக்க வேண்டும்.  பின்சக்கரத்தையோ இன்ஜினையோ எடுக்கப் போகிறோம் என்றால், எடுத்த பிறகு பாரம் எந்தப் பக்கம் போகும் என்பதை முதலிலேயே யோசித்துப் பட்டை கட்ட வேண்டும். இன்ஜினை இறக்கிய புல்லட் இன்னொரு வண்டி, அதற்கு வேறு எடை, வேறு சமநிலை.

இதையெல்லாம் நான் பெரிய சந்தோஷத்தோடு தயார் செய்துவிட்டு மேஸ்திரியைப் போய் அழைத்தேன். அவர் அதற்குச் சில வருஷம் முன்பே கடையை விட்டுவிட்டார். முழங்கால் இரண்டும் வீங்கி, குந்த முடியாமல் போயிருந்தது. தேய்மானம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கையில் ஒரு குறையும் இல்லை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டால் போதும். தொழில் முழுவதும் கையில் பத்திரமாக இருக்க, கால் ஒத்துழைக்காததால் அறுபது வயதில் வீட்டில் உட்கார்ந்துவிட்ட மனிதர். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். நம் தெருக்களில் இப்படி எத்தனை பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! அவர்களுக்கு வேலை தெரியாமல் போகவில்லை. குனியத்தான் முடியாமல் போனது.

வந்தார். லிஃப்டைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை.

“தம்பி, வண்டிய மேடையில ஏத்திட்டா எனக்கு கை ஓடாது. கீழ இருந்தாதான் வண்டி நம்ம கூட இருக்கும்.”

நான் வாதம் செய்யவில்லை. ஒரு சுழலும் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். மேடையை மெல்ல ஏற்றினேன். டேப்பெட் மூடி அவர் நெஞ்சுக்கு நேரே வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ராடு, கட்டை எல்லாம் மாட்டினோம். அப்பா பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருமுறை சரிபார்த்தார்.

மேஸ்திரி மூடியைக் கழற்றினார். சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் கேட்பார் என்று நான் எடுத்து வைத்திருந்தேன், கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஷெட்டின் டியூப்லைட் வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. அடியில் தேங்கியிருந்த எண்ணெய், புஷ் ராடின் முனையில் பளபளத்த தேய்ந்த இடம், லாக் நட்டின் மழுங்கிய மூலைகள் எல்லாம் தெரிந்தன. “இத்தினி வருசமா இத முழுசா பாத்ததில்ல தம்பி. விரல் விட்டுத்தான் பாத்திருக்கேன்” என்றார். எத்தனையோ புல்லட்டுகளுக்கு டேப்பெட் வைத்த மனிதர் இதைச் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் அசைத்தார்.

அன்று அவர் வேலையை முடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அவசரமில்லாததால் எடுத்துக்கொண்ட நேரம் அது. தரையில் இருக்கும்போது முதுகு வலி ஒரு கெடு வைக்கும். இந்த நிலையில் இன்னும் ஐந்து நிமிஷம்தான் தாங்கும் என்று உடம்பு சொல்லும், அதற்குள் முடிக்க வேண்டும். ‘போதும், ஓடும்’ என்ற அளவில் இறுக்கிவிட்டு எழுந்துவிடுவார்கள். மெக்கானிக் சரியாக வேலை செய்யவில்லை என்று நாம் குறைசொல்லும் இடங்களில் பல, இந்த ஐந்து நிமிஷத்தில் நடந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி, இறுக்கிய பிறகு மாறிய அளவைப் பொறுமையாக மறுபடி மறுபடி சரிசெய்தார். எக்ஸ்ஹாஸ்ட் பக்கத்தை ஒரு மயிரிழை தளர்வாக விட்டார். கிக்கரை மெல்ல இறக்கி இன்ஜினைச் சுற்றவிட்டு மீண்டும் உருட்டிப் பார்த்தார். அப்படியே ஸ்டூலை நகர்த்தி, சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் இக்னிஷன் பாயிண்டைத் திறந்து, ஃபீலர் கேஜை விட்டு 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் இடைவெளியை வைத்தார். எழுந்தபோது டாங்கைப் பிடிக்கவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வர ஆரம்பித்தார். கண்ணுயரத்தில் ஒரு வண்டியை வைத்துக்கொண்டால் தேடாமலே குறைகள் தென்படும் என்பதை அந்த ஞாயிறுகளில்தான் தெரிந்துகொண்டேன். துடைக்கும்போதே பின் மட்கார்டின் தாங்குகம்பியில் விரிசல் தெரிந்தது. எண்ணெய்க் குழாயின் இணைப்பில் கசிவு சொட்டாக மாறும் முன்பே ஈரமாகப் பட்டது. பின்பிரேக் கம்பியின் ஸ்ப்ளிட் பின் துருப்பிடித்து ஒரு கால் உடைந்து நின்றது. இவற்றில் எதையும் தேடி நாங்கள் லிஃப்டை ஏற்றவில்லை. நின்றபடி வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டே போகும்போது கை அங்கே போய் நிற்கும், அவ்வளவுதான்.

மேடையின் பின்பகுதியில் ஒரு தகட்டைத் தனியாகக் கழற்றலாம். கழற்றினால் பின்சக்கரத்தின் அடியில் காலி இடம் கிடைக்கும். ஆக்சிலை உருவினால் சக்கரம் நேராகக் கீழே இறங்கிக் கைக்கு வரும். தரையில் இதே வேலைக்கு வண்டியை ஒருவர் சாய்த்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மட்கார்டுக்கும் தரைக்கும் நடுவில் சக்கரத்தைப் படுக்கவைத்து இழுக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ஸ்பேசர் விழும், அதைக் குனிந்து பொறுக்குவதற்குள் செயின் நழுவும். லிஃப்டில் சக்கரத்தை முழங்காலில் தாங்கிக்கொண்டு, ஸ்பேசரைக் கண்ணால் பார்த்தபடி, ஆக்சிலை விடலாம். பிளஸ் டூ படிக்கும் என் மகள் அதைத் தனியாகச் செய்கிறாள். தரையில் அவளால் முடிந்திருக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் இவ்வளவு ஆசையாகச் செய்திருப்பாளா என்பது சந்தேகம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு நாள் மழையில் பெரம்பூர், புளியந்தோப்பு, வியாசர்பாடி எல்லாம் மூழ்கின. எங்கள் ஷெட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தெரு முழுக்க ஸ்கூட்டரும் பைக்கும் சீட்டளவு தண்ணீரில் நின்றன. எங்கள் புல்லட் மட்டும் மேடைமேல் இருந்தது. மழை பலத்ததுமே அப்பா ஏற்றச் சொல்லிவிட்டார். இன்னும் இடம் இருக்கிறதே என்று பக்கத்து வீட்டு அக்காவின் தையல் மெஷின் தலையையும் மோட்டாரையும் கழற்றிக் கொண்டுவந்து வண்டிக்கு முன்னால் வைத்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் லிஃப்டின் அருமை தெருவுக்கே தெரிந்தது. கடைகளில் வண்டி வரிசை நின்றது. எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மேஸ்திரி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “யாரும் கிக்க தொடாதீங்க, சாவி போடாதீங்க” என்பதுதான் அவர் எல்லாரிடமும் சொன்ன முதல் வார்த்தை. தண்ணீர் போன சிலிண்டரில் கிக் அடித்தால் தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். முதலில் பிளக்கைக் கழற்றி, அதன்பிறகு மெல்லக் கிக்கரை இறக்கி, உள்ளிருக்கும் தண்ணீரைப் பிளக் துளை வழியாக வெளியேற்ற வேண்டும். அடுத்து இன்ஜின் ஆயில். டிரெயின் நட்டைக் கழற்றினால் பால் கலந்த காபி நிறத்தில் வடியும், தண்ணீர் கலந்ததற்கு அதுதான் அடையாளம். புது ஆயில் கொஞ்சம் ஊற்றி அலசி, அதையும் வடித்துவிட்டு, மறுபடி அளவாக ஊற்ற வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் ஸ்க்ரூவைத் தளர்த்தி அடியில் தங்கிய தண்ணீரை விட வேண்டும். பெட்ரோல் டாங்கிலும் தண்ணீர் அடியில்தான் தங்கும். ஏர் ஃபில்டர், சைலன்சர், பிரேக் டிரம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து உலர்த்த வேண்டும்.

2020-க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை, எல்லாம் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன். அதற்கு மேஸ்திரி தன் பழைய பையனை வரவழைத்தார். அந்தப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல், தனியாகக் கடை வைத்திருக்கிறார். அவர் முதலில் பேட்டரியைக் கழற்றி, ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்துக் காற்றடித்து உலர்த்தினார். குருவும் சீடரும் மேடைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒரே வண்டியில் ஒரே நேரத்தில் வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன். தரையில் அது சாத்தியமே இல்லை, தலை முட்டும். கரண்ட் வராத தெருவில், கை பம்பில் காற்றடித்து, இன்வெர்ட்டர் விளக்கில் அவர்கள் இருட்டும்வரை செய்தார்கள். அம்மா எல்லாருக்கும் உப்புமா கிண்டிப் போட்டார். யாரிடமும் காசு வாங்கக் கூடாது, ஆயில் வாங்கி வந்தால் போதும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அவரை அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

சாயந்தரம் அந்தச் சீடர் லிஃப்டின் அடியில் குனிந்து, கால்களின் நீளத்தையும் பின் துளைகளையும் டேப்பால் அளந்து போனில் படம் எடுத்துக்கொண்டார். “எங்கடையில ரெண்டு பசங்க இருக்காங்க சார். ஒருத்தனுக்கு இப்பவே முட்டி சத்தம் கொடுக்குது, இருபது வயசுதான்” என்றார். நான் அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: செய்தால் லாக் ராடு இல்லாமல் செய்யாதீர்கள். அவர், “அது மேஸ்திரியே சொல்லிட்டாரு சார், கட்டையும் சேத்து” என்றார்.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் அவர் தன் கடைக்கான லிஃப்டைச் செய்தார். சேனலும் சதுரக் குழாயும் புதிது, ஹைட்ராலிக் மட்டும் தயாராக வாங்கியது. எங்கள் லிஃப்டைவிட ஒரு அடி நீளம் கம்மி, ஏனென்றால் கடையின் ஷட்டருக்குள் அவ்வளவுதான் இடம். முன்கிளாம்பைச் சுழற்றித் தள்ளி வைக்கும்படி மாற்றியிருந்தார், ஸ்கூட்டரின் சின்னச் சக்கரமும் பிடிக்கும். இப்படி மாற்றலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. கோன்செட் மாற்றுவதிலிருந்து பிரேக் ஷூ வரை எல்லா வேலையும் அதன்மேல்தான் நடக்கிறது. கடைக்கு வெளியே தரையில் இப்போது பஞ்சர் வேலை மட்டும்தான்.

பூஜை போட்ட அன்று அப்பா ஸ்லீப்பர் கட்டையில் மீதமிருந்த துண்டை ஆட்டோவில் வைத்து எடுத்துவந்து கொடுத்தார். மேஸ்திரி மேடையை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, இரண்டு பையன்களில் குட்டையானவனைக் கூப்பிட்டு நிறுத்தி, அவன் முழங்கையைத் தொட்டு, “இவன் ஒசரத்துக்கு ஒரு துளை போடு” என்றார். லாக் ராடுக்கான துளைகளில் எதுவும் மேடையை அவனுக்கு ஏற்ற உயரத்தில் நிறுத்துவதாக இல்லை. மறுவாரம் வெல்டரை வரவழைத்து அந்தத் துளையைப் போட்டார்கள்.

அடுத்த ஞாயிறு எங்கள் வண்டியின் இடதுபுறம் திறக்கிறோம். பிரைமரி செயின் மூடியில் எண்ணெய் கசிகிறது. அந்த மூடி முழுவதையும் நடுவிலிருக்கும் ஒரே ஒரு பெரிய நட்டுதான் பிடித்திருக்கிறது. சுற்றிலும் ரப்பர் வளையம். வளையம் தன் பள்ளத்தில் பிசகாமல் உட்கார்ந்தால்தான் கசிவு நிற்கும். மூடியைத் திறக்க ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் முதலில் கழற்ற வேண்டும். திறந்ததோடு கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். ரப்பர் வளையம் புதுப்பேட்டையில் வாங்கியாகிவிட்டது. கீழே வைக்க டிரே இருக்கிறது. லிஃப்டின் பின்கால் உருளை ஒன்று தேய்ந்து சத்தம் போடுகிறது, அதைச் சனிக்கிழமைக்குள் லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டும்.